வெள்ளானூர் வண்டியும் நான் திரும்பப் பெற்ற அறிக்கையும்

உங்களிடம் வந்து பேசச் சொன்னபோது, என்னுடைய நல்ல அறிக்கைகளில் ஒன்றை எடுத்துப் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். அவையெல்லாம் கோப்புகளில் இருக்கின்றன. வேண்டுமானால் நீங்களே படித்துக்கொள்வீர்கள். கோப்பில் இல்லாத ஒன்று இருக்கிறது. நான் எழுதி, கையெழுத்துப் போட்டு, முதலீட்டுக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, நான்கே நாளில் நானே திரும்பப் பெற்ற அறிக்கை. இத்தனை வருட வேலையில் நான் அதிகம் சிரித்தது அந்த நான்கு நாட்களில்தான். அதையே சொல்கிறேன்.

அப்போது நான் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. நம் அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்பிரிங் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே பிரஸ் மெஷின் அடிக்கும்போதெல்லாம் மேசைமேல் டீ நடுங்கும். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் முதலீடு கேட்டு அங்கே படியேறி வருவார்கள். அவர்கள் தொழில் நிற்குமா, விழுமா என்று பார்த்து எழுதுவது என் வேலை. இப்போது அது உங்கள் வேலை.

அந்த வாரம் வந்தது ஒரு கார் பகிர்வு நிறுவனம். நடத்தியவர்கள் இரண்டு பேர். பிரியா கரூர்ப் பெண், முப்பது வயதிருக்கும், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்தவள். தேவா கரையான்சாவடியிலேயே பிறந்து வளர்ந்த மெக்கானிக். பல வருடம் கால் டாக்சியும் ஓட்டியவர். ஆவடி, பூந்தமல்லி, வெள்ளானூர் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இடத்துக்கு ஒரு கார் என்று நிறுத்திவைத்திருந்தார்கள். கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்துப் போட்ட, எடுக்கிறவரே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டிகள். உறுப்பினர் ஆனவர்கள் போனில் பதிவு செய்து, போனிலேயே கதவைத் திறந்து, எத்தனை மணி நேரம் வேண்டுமோ அத்தனை நேரம் ஓட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும்.

பிரியா காட்டிய படங்களில் ஒரு கடற்கரைச் சாலை, ஒரு கார், அதன் ஜன்னலில் கையை நீட்டிக்கொண்டு நான்கு இளைஞர்கள். சொந்த ஊரை விட்டு இங்கே பிளாட்டில் குடியிருக்கும் சம்பளக்காரப் பிள்ளைகள் சனி ஞாயிறுகளில் மாமல்லபுரம், ஏலகிரி என்று போவார்கள். அவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள் என்றாள். அழகாகப் பேசினாள். ஆனால் சனி ஞாயிறில் எல்லா வண்டியும் போய்விடும், மற்ற ஐந்து நாள் உறைபோட்டு மூடிக் கிடக்கும் என்பது எனக்கு உடனே தெரிந்தது. போன வண்டியும் சும்மா திரும்பவில்லை. சீட்டுக்கடியில் கடல் மணல், தேய்ந்த கிளட்ச், கதவில் கீறல். ஒரு வண்டியில் கருவாட்டு மூட்டை ஏற்றி வந்திருக்கிறார்கள்; அதை இரண்டு வாரம் யாரும் எடுக்கவில்லை.

ஒன்பது பக்கம் எழுதினேன். முடிவு ஒரே சொல்: வேண்டாம். வியாழக்கிழமை மாலை எல்லோருக்கும் அனுப்பினேன். திங்கள் காலை குழுக் கூட்டம்.

அன்று ரயிலில் வீட்டுக்குப் போகும்போதுதான் ஒரு விஷயம் என்னை உறுத்த ஆரம்பித்தது. அவர்கள் கொடுத்த பயணப் பட்டியலில் ‘வார இறுதிப் பயணங்கள்’ என்று ஒரு தலைப்பு, ‘அலுவலகப் பயணங்கள்’ என்று ஒன்று, கடைசியில் ‘மற்றவை’ என்று ஒன்று. அந்த மற்றவையில் வெள்ளானூர் வண்டி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. வார நாட்களில், காலை பத்து மணிக்கு மேல், ஒரு மணி நேரத்துக்கு. போன தூரம் ஐந்தாறு கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் போகிறவர் காரில் எதற்குப் போக வேண்டும்? நடந்தாலே போய்விடலாமே.

இதைப் பற்றி நான் கேட்காமல் இல்லை. அறிக்கை எழுதும்போது பிரியாவிடம் கேட்டிருந்தேன். “அதை விட்டுருங்க மேடம். யாரோ சும்மா எடுத்துப் பாக்கறாங்க. எங்க கணக்குலயே அதைச் சேக்கறதில்லைங்க” என்றாள். நானும் விட்டுவிட்டேன். விண்ணப்பிக்கிறவர் பெருமையாகச் சொல்வதை ஒன்றுக்கு இரண்டு முறை சோதிப்பேன். அவர் ஒதுக்கிவிடச் சொல்வதை அப்படியே ஒதுக்கிவிடுவேன். எத்தனையோ வருடமாக அப்படிச் செய்துகொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குப் போகாமல் ஆவடியில் இறங்கி, தேவாவைக் கூப்பிட்டேன். வெள்ளானூர் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

“வாங்க மேடம், நானே இட்டுக்கினு போறேன். ஆனா பத்து மணிக்கு மேல அந்த வண்டி இருக்காது. அதுக்கு ஒரு கூட்டமே கீது.”

“என்ன கூட்டம்?”

“வந்து பாருங்க. சொன்னா நம்ப மாட்டீங்க.”

வெள்ளானூர்க் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மனைப் பிரிவு இருந்தது. தார்ச்சாலை போட்டு, மனைக்கு மனை கல் நட்டு, இன்னும் வீடு எழும்பாத இடம். அந்தச் சாலைகளில் நான் பார்க்க வந்த வண்டி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூலையில் திரும்பும், நிற்கும், உறுமும், மறுபடி நகரும். ஒரு வேப்பமரத்தடியில் நான்கைந்து பெண்கள் தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்தார்கள். நாற்பதுக்கு மேல்தான் எல்லோருக்கும். ஒருவர் கையில் சுண்டல் பொட்டலம்கூட இருந்தது.

வண்டி எங்கள் அருகே வந்து ஒரு குலுக்கலோடு நின்றது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கினார். அவர்தான் காமாட்சி. அதே ஊர்க்காரர். அவர் அம்மாவும் அப்பாவும் அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். இவர் எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட் மேற்பார்வையாளர்.

“யாரு தேவா இது? புதுசா சேரப் போறவங்களா?”

“இல்ல காமாட்சிக்கா. மேடம் நம்ம கம்பெனிய எடை போட வந்துகீறாங்க.”

“எடை போட வெளிய நின்னா எப்பிடி? ஏறுங்க மேடம், ஒரு ரவுண்டு போலாம்.”

ஏறினேன். இருபது கிலோமீட்டர் வேகத்தில் அவர் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். இங்கே எல்லோரிடமும் லைசென்ஸ் இருக்கிறதாம். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, எட்டுப் போட்டுக் காட்டி, முறையாக வாங்கியதுதான். வாங்கிய அன்றோடு வண்டி ஓட்டுவது முடிந்துவிட்டது. சில வீடுகளில் கார் கிடையாது. சில வீடுகளில் கார் உண்டு. அது காலையில் வீட்டுக்காரரோடு வேலைக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை சாவி கேட்டால், இந்தப் போக்குவரத்தில் உனக்கு எதற்கு வம்பு என்று சொல்லிவிடுவார்கள்.

“லைசென்ஸ் கீதுன்னு வண்டி ஓட்ட வந்துருமா மேடம்? கை பழகணும், காலு பழகணும். பழக யார் வண்டி குடுப்பா? இந்த வண்டி இன்னா ஏதுன்னு ஒண்ணும் கேக்காது. போன காட்டுனா கதவு தொறக்குது. அவ்ளோதான்.”

அவர் முதலில் தனியாகத்தான் எடுத்தார். பிறகு ஒருவர் பார்த்து இன்னொருவர் சேர்ந்தார். ஆள் மாற்றி ஆள் ஓட்டினார்கள். நன்றாக ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தடுமாறுகிறவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பட்டியலில் ‘சும்மா எடுத்துப் பார்க்கிறவர்கள்’ என்று கிடந்தவர்கள் இவர்கள்தான்.

“உங்களாண்ட லைசென்ஸ் கீதா மேடம்?”

இருக்கிறது என்றேன். எத்தனை வருடமாக என்று கேட்டார். சொன்னேன். எத்தனை முறை ஓட்டினீர்கள் என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

வண்டி நின்றது. காமாட்சி இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். “எறங்குக்கா. அந்தாண்ட போய் குந்து.” மேடம் அக்காவானது அந்த இடத்தில்தான்.

மதிப்பீடு செய்யப் போன இடத்தில் மதிப்பீட்டாளர் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாமா என்று கேட்காதீர்கள். தேவா என் லைசென்ஸை வாங்கிப் பார்த்தார், கைப்பையிலேயே கிடந்தது, காலாவதியாகவில்லை. உறுப்பினராகப் பதிவு செய்தார். நான் ஓட்டினேன். முதல் மூன்று முறை வண்டி செத்துச் செத்து நின்றது. நான்காம் முறை நகர்ந்தது. ஒரு தெரு முழுக்கப் போனேன். மரத்தடியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைப் பார்க்கத் திரும்பியதில், ஓரத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் வண்டி மெத்தென்று ஏறி நின்றுவிட்டது.

காமாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தேவா ஓடி வந்து முன்பக்கம் குனிந்து பார்த்தார்.

“வண்டிக்கு ஒண்ணும் ஆவல மேடம். மணலுதான் பாவம்.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெகுநேரம் சிரித்தோம்.

மறுநாள் சனிக்கிழமை, கரையான்சாவடியில் தேவாவின் ஷெட்டில் பிரியாவைச் சந்தித்தேன். முந்தின நாள் நடந்தது அவளுக்கு எட்டியிருந்தது. நான் அறிக்கையில் ‘வேண்டாம்’ என்று எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. முடிவாகும் முன் அதைச் சொல்வது முறையில்லை. வெள்ளானூர்ப் பயணங்களைப் பற்றி மட்டும் கேட்டேன். அவள் முகம் வாடிவிட்டது.

“நான் டிரைவிங் ஸ்கூல் நடத்த வேலையை விட்டுட்டு வரலைங்க மேடம்” என்றாள். “வீட்ல இன்னும் முழுசாச் சொல்லக்கூட இல்லை. இந்த வயசுக்காரங்களை நம்பி ஒரு கம்பெனின்னா யார் காசு போடுவாங்க?”

“பிரியா, உன் வண்டி கருவாட்டு நாத்தத்தோட திரும்பி வந்துச்சே, அன்னைக்கு யார் எடுத்துட்டுப் போனாங்க?”

“வார இறுதிக்காரங்க.”

“வெள்ளானூர் வண்டி எப்படித் திரும்பி வருது?”

தேவா முந்திக்கொண்டார். “தொடச்சி வச்சிட்டுப் போறாங்க மேடம். ஒரு நாளு சாமி படம்கூட ஒட்டி வச்சிகினு இருந்தாங்க. நாந்தான் எடுத்தேன்.”

பிரியாவின் வாயோரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் கஷ்டமான நாள். என் அறிக்கை தப்பு என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ‘வேண்டாம்’ தப்பு என்பதால் ‘கொடுக்கலாம்’ சரியாகிவிடாது. ஒரே ஒரு குடியிருப்பில் ஒரு பகல் பார்த்திருக்கிறேன். அதோடு, அந்த ஒரு பகலில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் என் கண்ணை மறைத்திருக்காது என்று எப்படிச் சொல்வது? ‘கொடுக்கலாம்’ என்று புதிதாக ஓர் அறிக்கை எழுத ஆரம்பித்து, இரண்டு பக்கத்தில் நிறுத்தி, அழித்தேன். கையெழுத்துப் போட்ட தப்பை ஒத்துக்கொள்ள நமக்குத் தயக்கம் இருக்கிறதே, அது பெரிதில்லை. ஒரு நாளில் பழகிவிடும். அதை ஒத்துக்கொண்ட வேகத்தில் எதிர்ப்பக்கத்துக்குத் தாவி, அங்கேயும் ஒரு தப்பில் கையெழுத்துப் போடுவதுதான் ஆபத்து. நான் அதற்கு ரொம்பப் பக்கத்தில் போயிருந்தேன்.

திங்கள் காலை கூட்டம். குழுத் தலைவர் பேச்சை வளர்க்காதவர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். என் அறிக்கையின் முறை வந்தபோது, “இது வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. யாருக்கும் மறுப்பில்லை. அடுத்தது” என்றார்.

“சார், அந்த அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கறேன்” என்றேன்.

எல்லோரும் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

“அப்ப கொடுக்கலாம்ங்கறீங்களா?”

“அதுவும் சொல்லலை சார். வேண்டாம்னு எழுதினது தப்பு. கொடுக்கலாம்னு சொல்ல எங்கிட்ட இன்னும் ஒண்ணும் இல்லை.”

வெள்ளானூரில் பார்த்ததைச் சொன்னேன். மணல் குவியலையும் விடவில்லை. அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் எந்த மனநிலையில் இதைச் சொல்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஓட்டப் பழகறதுக்காக எடுக்கறாங்க. சரி. பழகி முடிச்ச பிறகு?”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னைத் தடுத்துக்கொண்டிருந்தது இந்தக் கேள்விதான் என்பது அவர் கேட்டபிறகுதான் புரிந்தது. பழகி முடித்ததும் போய்விடுவார்கள் என்றால் இது தொழிலே இல்லை.

“தெரியாது சார்” என்றேன். “ஆறு வாரம் கொடுங்க. பாத்துச் சொல்றேன். நான் மட்டும் பாக்க வேண்டாம். அன்னைக்கு எனக்கு ரொம்பச் சந்தோஷமா இருந்தது. அதனால கூட இன்னொருத்தரை அனுப்புங்க.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு வாரம் கொடுத்தார். எதையும் எளிதில் நம்பாத என் சக ஊழியர் ஒருவரைச் சேர்த்துவிட்டார். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே, மணல் குவியலை அவர் மறக்கப் போவதில்லை என்பது தெரிந்தது.

ஆறு வாரம் பார்க்கப் போகிறோம் என்று சொன்னதும் பிரியா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் அவளே போன் செய்து, வெள்ளானூரிலும் ஆவடியிலும் வார இறுதிப் பயணங்களை நிறுத்தி, அந்த வண்டிகளை அக்கம்பக்கத்துக்கு மட்டும் என்று ஆக்குவதாகச் சொன்னாள். முதல் நாள் வண்டி எடுக்கிறவரோடு தேவா உடன் போனார். எந்தக் குடியிருப்பில் யாருக்கு லைசென்ஸ் இருக்கிறது என்று காமாட்சி வீடு வீடாகக் கேட்டுவந்து சொன்னார். யாரும் அவரை அனுப்பவில்லை.

நானும் என் சக ஊழியரும் ஒன்றை மட்டும் கவனிப்பது என்று வைத்துக்கொண்டோம். வண்டி எங்கே நிற்கிறது? ஓட்டப் பழகுகிறவர்களின் வண்டி எங்கேயும் நிற்காது. மனைப் பிரிவைச் சுற்றிவிட்டு வந்துவிடும். முதல் இரண்டு வாரம் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு வண்டி பள்ளிக்கூட வாசலில் கால் மணி நேரம் நின்றது. பிறகு ஒன்று ஆவடி மார்க்கெட்டில் நின்றது. ஒருவர் மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இன்னொருவர் தங்கை வீட்டு வளைகாப்புக்குத் தட்டுகளோடு பூந்தமல்லி வரை போய் வந்தார். திரும்பி வந்ததும் மரத்தடி முழுக்க வளையலும் கலந்த சாதமும் கொடுத்தாராம்.

ஆறாவது வாரம் அந்தச் சக ஊழியர் என் மேசைக்கு வந்தார். கையில் வண்டிகள் போய்வந்த வழிகளைக் காட்டும் வரைபடங்கள். உட்காராமலே சொன்னார்: “வண்டி சுத்தறதை நிறுத்திடுச்சு மேடம். போக ஆரம்பிச்சிருச்சு.”

அதன்பிறகு நாங்கள் இருவரும் எழுதிய அறிக்கை மூன்றே பக்கம். தலைவர் படித்தார். கேட்டதில் பாதியை இப்போது கொடுக்கலாம், மீதியை ஒரு வருடம் பார்த்துவிட்டு என்றார். பாதிதானே என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அப்புறம் யோசித்தால், அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். மீதியும் ஒரு வருடத்தில் வந்து சேர்ந்தது. நிறுவனம் இன்றும் நடக்கிறது. பட்டாபிராம், திருவேற்காடு வரை போயிருக்கிறார்கள். பத்திரிகையில் படம் வரும் அளவுக்குப் பெரிதாகவில்லை. பிரியா கரூரில் அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

நீங்கள் இனிமேல் எத்தனையோ பட்டியல்கள் பார்ப்பீர்கள். எல்லாவற்றிலும் கடைசியில் மற்றவை என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் அதில் ஒன்றும் இருக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஒரு தடவை எழுந்து போய்ப் பாருங்கள். போய்ப் பார்த்ததில் மனது பொங்கினால், அதையும் அறிக்கையில் சேர்த்தே எழுதுங்கள்.

குழு முடிவு சொன்ன அன்று பிரியாவும் தேவாவும் அலுவலகத்துக்கே வந்திருந்தார்கள். சொன்னதும் தேவா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். பிரியா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். கீழே பிரஸ் அடித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் யார் பேசுவதும் சரியாகக் கேட்கவில்லை. அவர்கள் போனபிறகு, காமாட்சிக்கு நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போன் செய்தேன். எடுத்தது ஓர் ஆண் குரல்.

“காமாட்சிங்களா?” என்றேன்.

“அவ வண்டி ஓட்டிக்கினு கீறா மேடம். நான் அவ ஊட்டுக்காரன், பக்கத்துல குந்திகினு கீறேன். மாங்காடு கோயிலுக்குப் போய்க்கினு கீறோம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மொத தபா ஏறினேன். கொஞ்சம் பயமாத்தான் இருந்திச்சு. நல்லா ஓட்றா மேடம்” என்றார். கூடவே காமாட்சியின் குரலும் கேட்டது: “யார்னாலும் அப்பால பேசறேன்னு சொல்லு. முன்னாடி லாரி கீது.”